காலண்டர் மணை

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மற்றவர்கள் பிரித்துப் படிப்பார்கள். கமருன்னிசா அதன் ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்வார். கடைவாயில் வைத்து அரைத்து, கண்ணை மூடி, பிரியாணியில் உப்புப் பார்ப்பது போல ஒரு கணம் நிதானிப்பார். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ரத்தினசாமி தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க விருதுநகர் வரை வந்து, குங்குமச் சிமிழும் தட்டுமாக வாசலில் நின்றபோதும் இதுதான் நடந்தது. "அண்ணாச்சி, இது நம்மூருக் காயிதம் இல்ல. உள்ள பூராம் களிமண்ணு. நாரே இல்ல" என்று சொல்லி, மென்றதை உள்ளங்கையில் எடுத்து அவரிடமே காட்டினார். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியிறங்கிய ரத்தினசாமியிடம் கேட்டது ஒன்றுதான்: "மிச்சம் விழுற பத்திரிகைய எல்லாம் தூரப் போட்ராம கட்டி வைங்க, ஆள் அனுப்புறேன்."

பல் அவருக்குச் சாப்பிட ஏற்பட்ட உறுப்பு அல்ல, சோதனைக்கூடத்தின் ஒரு பகுதி. தீப்பெட்டியின் மேல்தாள், ரயிலடி டீக்கப், மருந்துக் கடைக் கவர், பலகாரக் கடை அட்டைப்பெட்டி, ஒன்றும் தப்பாது. கடித்த பிறகு முகர்வார். முகர்ந்த பிறகு தண்ணீரில் போடுவார். வீட்டுக் குளியலறை வாளியில் எந்நேரமும் ஏதாவது ஊறிக்கொண்டே இருக்கும். கணவர் பீர் முகைதீன் அவசரத்தில் அதை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, தாடியில் பொடிக் காகிதம் ஒட்டியபடி கடைவீதிக்குப் போன நாட்கள் உண்டு. "என்ன பாய், தாடியில டிசைன் போட்ருக்கீக" என்று யாராவது கேட்டால் "வீட்ல ஆராய்ச்சி" என்பார். மற்றவர்கள் வீட்டில் விசேஷம் என்று சொல்வார்களே, அதே குரலில்.

பீர் முகைதீனுக்குக் கழிவுத்தாள் வியாபாரம். சிவகாசி அச்சகங்களில் விழும் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி, ஆமத்தூர்ச் சாலையில் இருக்கும் குடோனில் பிரித்து, மில்லுக்கு லோடு அனுப்புவார். கமருன்னிசா கல்யாணத்துக்கு முன்னால் வேதியியல் படித்தவர். பட்டம் வாங்கிய கையோடு அதைப் பீரோவில் வைத்து, அதன் மேல் பட்டுப்புடவைகளை அடுக்கிவிட்டார்கள். புடவை எடுக்கும்போதெல்லாம் பட்டமும் கொஞ்சம் வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். மகள் சனாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு அவர் குடோனின் பின்பக்க ஷெட்டைத் திறந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். சாப்பிடவும் தொழவும் தூங்கவும் வெளியே வருகிறார் என்பது உண்மைதான். ஆனால் அதெல்லாம் இடைவேளை.

ஷெட்டுக்குள் இருக்கும் பொருள்களில் ஒன்றுகூட அது பிறந்த வேலையைச் செய்யவில்லை. மூடிய ஓட்டலில் ஏலத்துக்கு எடுத்த மாவாட்டும் கிரைண்டர்கள் காகிதத்தை ஆட்டுகின்றன. நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்த இரும்பு அமுக்குப் பொறி, கூழைப் பிழிந்து பலகையாக்குகிறது. பந்தி அண்டாவில் புளியங்கொட்டைப் பசை கொதிக்கிறது. பலகை காய்வது மட்டும் மொட்டை வெயிலில். அடுப்பு வேண்டாம், கரண்டு வேண்டாம், ஊர் பூராவும் கரித்துக்கொட்டும் அந்த வெயிலை இந்த ஜில்லாவில் வரவேற்கும் ஒரே ஆத்மா கமருன்னிசா. சித்திரையில் மற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட, "இன்னைக்கு நல்லாக் காயுதுல்ல" என்று குதூகலமாக வெளியே வந்து நிற்பார்.

அவர் வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகப் பெருமையோடு சொல்லுவார். முதலில் செய்தது மைதாப் பசையில் ஒரு பெஞ்சு. குடோன் வாசலில் போட்டு, ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்கள் உட்காரட்டும் என்று வைத்தார். தொழுகை நேரத்தில் ஆடு வந்து ஒரு காலைத் தின்றுவிட்டது. இதை அறியாமல் பீர் முகைதீனின் பெரியப்பா, வீட்டில் பெரியத்தா, வந்து உட்கார்ந்தார். அவர் விழுந்ததைப் பற்றிக் கமருன்னிசாவுக்கு வருத்தம்தான், ஆனால் மீதி மூன்று கால்களும் அவர் எடையைத் தாங்கி நின்றதை நாலு பேருக்குக் காட்டிய பிறகுதான் அவரைத் தூக்கவே விட்டார். அடுத்த பசையில் மயில்துத்தம் கலந்தார். பலகை நீலம் பூத்தது. ஆடு கிட்டே வரவில்லை. ஆனால் வந்திருந்தால் செத்திருக்கும் என்று தோன்றியதும் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். "ஆடு திங்கவும் கூடாது, தின்னாச் சாகவும் கூடாது. அதுதான் சரக்கு" என்பது அவர் கண்டுபிடித்த விதி. கடைசியில் புளியங்கொட்டைப் பசையில் வேப்பம் புண்ணாக்குச் சாற்றைக் கலந்தார். அதே ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பந்தியில் அவமானப்பட்ட சம்பந்தி மாதிரி விருட்டென்று திரும்பிப் போனது. அன்று ஷெட்டில் எல்லோருக்கும் பாயசம்.

மதுரையில் ஒரு கருத்தரங்குக்கும் அழைத்திருந்தார்கள். கழிவை மறுபடி பொருளாக்குவது எப்படி என்று நாள் முழுக்கப் பேச்சு. வந்தவர்களுக்கு பிளாஸ்டிக் பையில் பிளாஸ்டிக் ஃபைல், தெர்மாகோல் தட்டில் மத்தியானச் சாப்பாடு. கமருன்னிசா கோபித்துக்கொள்ளவில்லை, மிகவும் சந்தோஷப்பட்டார். சாப்பிட்டவர்களிடமிருந்து தட்டுகளை வாங்கிக் கழுவி அடுக்கினார். மேடையில் சிறப்பு விருந்தினர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏறி, அவருடைய பெயரும் படமும் போட்ட பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார். அந்த விருந்தினர் இன்று ஆமத்தூர்ச் சாலையில் மல்லாந்து கிடக்கிறார். அவர் முகத்தில்தான் பலகைகள் காய்கின்றன.

காகிதங்களிலேயே கமருன்னிசாவுக்கு உசத்தி தினசரி காலண்டரின் தாள். மெல்லிசு, வழவழப்புப் பூச்சு கிடையாது, பசையை ஆசையாகக் குடிக்கும். சிவகாசியில் ஆடி மாதமே அடுத்த வருஷம் அச்சாகிவிடுகிறது. பிப்ரவரி பிறந்ததும் விற்காமல் நின்றது குடோனுக்கு வரும். யாருக்கும் பலிக்காத ஒரு முழு வருஷம், கட்டுக் கட்டாக. அதை மாவாக ஆட்டக் கூடாது, துண்டு துண்டாக விட்டுப் பிசைய வேண்டும், நார் நீளமாக இருந்தால்தான் பலகைக்கு எலும்பு என்பது அவர் கட்சி. அமுக்கிக் காய்ந்ததும் பலகையின் முகத்திலும் முதுகிலும் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகத் துணுக்குகள் தெறித்து நிற்கும். "கதம்பம் மாதிரி இருக்கு பாருங்க மச்சான்" என்று கணவரிடம் காட்டுவார். அந்தத் துணுக்குகள் எழுத்துகள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நாரைப் பார்க்கிற கண் எழுத்தைப் பார்க்காது.

இந்த நேரத்தில்தான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மதுரை டாக்டரிடம் காட்டிவிட்டுக் காரில் திரும்பும் வழியில், உலகத்தில் மற்றவர்களுக்கும் முதுகு இருக்கிறது என்ற ஞானம் அவருக்குப் பிறந்தது. தன் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டும் பெண்கள் காலமெல்லாம் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு மணை போடும்படி போர்மேன் மாரீஸ்வரனிடம் சொல்லிவிட்டார். மாரீஸ்வரன் சட்டைப் பொத்தானில்கூட உலோகம் வைத்துக்கொள்ளாத மனிதர். குழாய்க் கொட்டகை வெடிமருந்து அறைகளிலிருந்து வெகு தள்ளி இருந்தாலும், இரும்பு என்றால் பொறி பறக்கும் என்பார், பிளாஸ்டிக் என்றால் உரசி மின்சாரம் வரும் என்பார், மரம் என்றால் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்.

இது காதில் விழுந்ததும் கமருன்னிசா ஒரு மணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். பேச்சுக்குப் பதிலாக அதன் மேல் ஏறி நின்று குதித்தார்.

"குதிக்காதீக, குதிக்காதீக. கம்பெனிக்குள்ள குதிக்கக் கூடாதுங்க" என்று மாரீஸ்வரன் பதறினார்.

"சரி, நீங்க வெளிய வந்து குதிங்க. ஒடையுதான்னு பாருங்க."

"நம்புறேன், எறங்குங்க. ஒண்ணு சொல்றேன். கொட்டகைக்கு ஒரு லோடு எறக்குங்க. ஒரு வாரம் போட்டுப் பாப்போம். ஆளுக ஒக்காந்தா ஆர்டர். ஒக்காரலன்னா சனிக்கெளம மத்தியானம் லோடு திரும்பி வந்துரும்."

அன்று வீட்டில் பீர் முகைதீன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு நிதானமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் கமருன்னிசா கவலைப்பட்டிருக்க மாட்டார். "கமரு, மொளகா வத்தல் கமிஷன் கடைக்காரர் நம்ம பின்னாடி ஷெட்டக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நானும் சாக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். இந்த லோடு திரும்பி வந்துச்சுன்னா சாவியக் குடுத்துருவேன். நீ வருத்தப்படக் கூடாது."

"வத்தல் மூடையவா எங்க ஷெட்ல அடுக்குவீக?"

"எங்க ஷெட்டாம்ல."

கமருன்னிசா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஊரில் அவர் பீர் முகைதீன் வீட்டம்மா, சம்பந்தி வீட்டுக்கு சனாவோட அம்மா, பெரியத்தாவுக்கு ஆட்டுப் பெஞ்சுக்காரி. தன் பெயரால் ஒரு இடம் இருக்கிறதென்றால் அந்தத் தகரக் கூரைதான். அதற்குள் வத்தல் நெடியை நினைத்துப் பார்த்தார். தும்மல்கூட வந்தது.

லோடு இறங்கியது திங்கட்கிழமை. முதல் மணையில் உட்காரும் மரியாதையைக் கொட்டகையில் மூத்தவரான குருவம்மாளுக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகாத குருவம்மாள் எழுத்துக் கற்றதே தினசரி காலண்டரில்தான். காலையில் தாளைக் கிழித்து, தன் ராசிக்கு நேராக அச்சிட்டிருக்கும் அந்த ஒற்றைச் சொல்லைக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வேன் ஏறுவார். உட்காரக் குனிந்தவர் பாதியில் நின்றார். குனிந்த வாக்கிலேயே மணையை உற்றுப் பார்த்தார்.

"பாயம்மா, இதுல என்னமோ போட்ருக்கே."

"அது கதம்பம் குருவம்மா. சும்மா அளகுக்கு."

"நஷ்டம்னு போட்ருக்கு."

கமருன்னிசா எட்டிப் பார்த்தார். மணையின் நட்டநடுவில், சிவப்பு மையில், நஷ்டம் என்று குண்டு எழுத்தில் இருந்தது. அவர் கட்டிக் காத்த நீள நார் அந்தச் சொல்லை ஓர் எழுத்தும் சிதையாமல் காப்பாற்றியிருந்தது.

"அது போன வருசத்து நஷ்டம். காலாவதியாயிருச்சு."

"நஷ்டத்துக்கு ஏது தாயி காலாவதி? எங்க வீட்ல அது புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு."

"சரி, உங்க ராசி என்ன?"

"விருச்சியம்."

"இது துலாத்துக்குப் போட்டது. உங்களுக்கு இல்ல."

"துலாம்னு எங்கன போட்ருக்கு?"

குழாய் உருட்டுவதைவிட வாயாடுவதில் வேகக்காரி என்று பெயரெடுத்த பாண்டிச்செல்வி பக்கத்திலிருந்து மணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எந்த ராசியும் போடலன்னா எல்லா ராசிக்கும்னுதான அக்கா அர்த்தம்" என்று தீர்ப்புச் சொன்னாள். அவ்வளவுதான். கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் தங்கள் தங்கள் மணையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து வாசிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை மார்க் கொடுத்தது போல இருந்தது. ஒரு மூலையில் சிரிப்பு, ஒரு மூலையில் ஒப்பாரி. ஒருத்திக்கு ஜெயம். ஒருத்திக்கு அலைச்சல். புதிதாகக் கல்யாணமாகி வந்தவளுக்குப் பகை. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் கவலை. கிழக்கே சூலம் என்ற மணை கிடைத்தவள் அதைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை வரவு என்று எழுதிய மணைகளுக்குச் சண்டை வந்தது. புதன்கிழமை அவற்றில் ஒன்றைக் காணோம். யார் வீட்டுக்கோ குடியேறிவிட்டது. வியாழக்கிழமை எல்லோரும் பழையபடி சாக்கை விரித்துவிட்டார்கள். மணைகள் எல்லாம் மூலையில் அடுக்காக நின்றன.

மாரீஸ்வரன் போன் செய்தார். "பாயம்மா, இங்கன எல்லாரும் சாக்குலதான் இருக்காக. வண்டி சொல்லிரட்டுமா?"

"சனிக்கெளமைன்னுதான சொன்னீக. இன்னைக்கு என்ன கெளம?"

"வியாளன்."

"பெறகு என்ன. வைங்க போன."

பீர் முகைதீன் மனிதர் மோசமில்லை. வத்தல் கமிஷன்காரரோடு பேசி முடித்தவர், மனைவிக்கும் ஒரு யோசனை சொன்னார்: "ஒரு கோட் பெயின்ட அடிச்சு விட்ரு. எளுத்தும் தெரியாது, எளவும் தெரியாது."

"பெயின்ட் அடிச்சா அது மறுபடி கூளாகாது மச்சான். நாளைக்கு மணை ஒடஞ்சா அதக் கரைச்சு இன்னொரு மணை செய்யணும். அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு. பெயின்ட அடிச்சுட்டா அது குப்பையோட குப்பை. அதுக்கு நான் பிளாஸ்டிக் ஸ்டூலே வாங்கிக் குடுத்துட்டுப் போயிருவேன்ல."

அன்றைக்கே கிரைண்டர்கள் நாள் பூராவும் ஓடின. எழுத்து மிஞ்சக் கூடாது என்று தாளைத் தோசைமாவாக ஆட்டினார். நல்லநேரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறத்தில் பொங்கி வழிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வெயில் அதைக் காயவைத்துக் கொடுத்தது. வழவழவென்று ஒரு மணை, ஒரு புள்ளி இல்லை. கமருன்னிசா ஆசையாக அதில் உட்கார்ந்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு துண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தபடி, தன் கட்சி சரிதான் என்பதில் அவருக்கு ஒரு நிமிஷம் பெரிய சந்தோஷம் இருந்தது. பிறகுதான் வத்தல் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலையில் கமருன்னிசா ஒரு காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் புறப்பட்டார். வாசலில் காவலாளி பையைச் சோதித்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார், இரும்புக்கு உள்ளே அனுமதி இல்லை. கொட்டகைக்குள் வந்து, அங்கே கிடந்த மூங்கில் சிராயை எடுத்துக்கொண்டு, அடுக்கின் மேலிருந்த மணையை மடியில் வைத்துச் சுரண்டத் தொடங்கினார். பகையில் பானாவைச் சுரண்டினார். சொல் போயிற்று, ஆனால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. அடுக்கு அவர் தலைக்கு மேல் நின்றது. பக்கத்து ஜன்னல் வழியாக, திரும்பும் லோடுக்கு வந்த வண்டி நிழலில் நிற்பது தெரிந்தது.

பெண்கள் குழாய் உருட்டிக்கொண்டே கடைக்கண்ணால் பார்த்தார்கள். கெமிஸ்ட்ரி படித்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ராசிபலனைச் சுரண்டுவது அவர்களுக்கே சங்கடமாக இருந்தது. வேலை ஓடவில்லை.

"விடுங்க அக்கா, கையில சிராய் ஏறிரும்" என்று எழுந்து வந்தாள் பாண்டிச்செல்வி.

"நீங்க ஒக்கார மாட்டேங்கிறீக, நான் என்னத்தச் செய்ய?"

"நீங்க எல்லாத்தையும் சொரண்டித் தூரப் போட்டுட்டா ஊருல பொம்பளைக எதப் பேசிக்கிட்டு வேல பாக்க? எங்க மாமியாளுக்குப் பகை இல்லாட்டி அன்னந்தண்ணி எறங்காது."

"ஒக்காந்துட்டுப் பேசு புள்ள. நின்னுக்கிட்டே பேசாத" என்றார் கமருன்னிசா. எரிச்சலில் அப்படி வந்துவிட்டது.

பாண்டிச்செல்வி அடுக்கைக் கிளறினாள். பகை முழுசாக இருக்கும் இன்னொரு மணையை உருவினாள். அதைத் தரையில் தொப்பென்று போட்டு, எழுத்து மேலே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சேலையை ஒதுக்கி, உடம்பின் கனம் மொத்தத்தையும் இறக்கி அதன் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ஒரு அழுத்து அழுத்தினாள்.

"இந்தா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் எங்க மாமியா எனக்குக் கீள கெடக்கட்டும்."

கொட்டகை கூரை அதிரச் சிரித்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. உருட்டிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பாண்டிச்செல்வியையே பார்த்தார். மேலே பாண்டிச்செல்வி, கீழே பகை. யார் மேலே யார் கீழே என்பதில் சந்தேகமே இல்லை.

"ஏ பாண்டிச்செல்வி" என்றார் மெதுவாக. "ஒனக்கு எதுவும் செய்யுதா?"

"சொகமா இருக்கு யத்தே. முதுகு நிமிந்து நிக்கிது."

"அப்ப என்னுத எடுத்துக் குடு. அந்த நஷ்டத்த."

குருவம்மாள் நஷ்டத்தின் மேல் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை. அம்மியில் மசாலா அரைப்பது போல இப்படியும் அப்படியும் அசைந்து உட்கார்ந்தார். "நெரியட்டும். எத்தன வருசமா என் மேல ஒக்காந்துருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு கொட்டகையில் நடந்தது ஜவுளிக்கடைத் தள்ளுபடி. கவலை எனக்கு, அலைச்சல் எனக்கு, ஏ அந்தத் தடங்கல் நான் முதல்லயே பாத்து வச்சது என்று ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பறித்தாள். திங்கட்கிழமை பகை கிடைத்து அழுத புதுப்பெண் அடுக்கின் அடியில் கைவிட்டு ஒரு மணையை உருவினாள். அதில் பகையும் கவலையும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, ஒரே கல்யாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்டது போல முகம் மலர்ந்தாள். பயம் என்ற மணையில் உட்கார்ந்தவள் இனி வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போவதாக அறிவித்தாள். கமருன்னிசா சிராயைக் கையில் பிடித்தபடி, விஞ்ஞானத்துக்கு இதில் என்ன இடம் என்று புரியாமல், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கெட்டவை எல்லாம் தீர்ந்துவிட்டன. நல்லவை நின்றன. வரவு, ஜெயம், உயர்வு, ஆதாயம், பாசம் எல்லாம் சீந்துவாரில்லாமல் பாதி அடுக்காகக் கிடந்தன.

"இதுல ஒக்காருங்களேன்" என்று கமருன்னிசா கெஞ்சினார். "செவ்வாக்கெளம இதுக்குத்தான அடிச்சுக்கிட்டீக."

"என்ன பாயம்மா வெவரமில்லாமப் பேசுறீக" என்று குருவம்மாள் கண்டித்தார். "வரவு மேல யாராச்சும் ஒக்காருவாகளா?"

"ஒக்காந்தா நசுங்கிப் போகும் அக்கா" என்று பாண்டிச்செல்வி விளக்கினாள், சிறுபிள்ளைக்குச் சொல்வது போல.

இந்த லட்சணத்தில் மாரீஸ்வரன் உள்ளே வந்தார். பாதிப் பேர் மணையில், பாதிப் பேர் மணை கிடைக்காமல் நின்றுகொண்டு, பாதி அடுக்கு மூலையில். கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "மணையும் மிச்சமா இருக்கு, ஆளும் நிக்கிறாக. என்ன பாயம்மா இது? பாதி லோட ஏத்திரட்டுமா?"

கமருன்னிசா அடுக்கை மறைத்துக்கொண்டு நின்றார். பாதி லோடு திரும்பினாலும் பீர் முகைதீன் வண்டியைத்தான் பார்ப்பார், பாதியைப் பார்க்க மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் குருவம்மாள் கையை நீட்டி, "அந்த வரவ இங்கிட்டுத் தள்ளு" என்றார். தள்ளிய மணையைத் தனக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் மேல் காகிதத்தைப் போட்டுக் குழாய் உருட்டிப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் வழுக்கும் காகிதம் பலகையின் சொரசொரப்பில் நன்றாகப் பிடித்துச் சுருண்டது. மறுபடி உருட்டினார். ஒவ்வொரு தடவையும் கை வரவின் மேல் போய் வரவின் மேல் வந்தது.

"நஷ்டம் கீள. வரவு கைக்கு நேரா. இதுதான் மொறை" என்றார் குருவம்மாள். "போர்மேன் அண்ணாச்சி, ஆளுக்கு ரெண்டு போடச் சொல்லுங்க. ஒண்ணு ஒக்கார, ஒண்ணு உருட்ட."

நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நல்ல மணையை முன்னால் இழுத்துக்கொண்டு, உட்காரக் கெட்டது இல்லையே என்று கூச்சல் போட்டார்கள். அரை மணி நேரம் முன்னால் லோடு ஏற்ற வண்டி கொண்டுவந்த மாரீஸ்வரன், இப்போது அதே வண்டிக்காரரிடம், விருதுநகர் போய் இன்னும் ஒரு லோடு ஏற்றி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். கமருன்னிசாவிடம் திரும்பி, "ஆர்டர் போட்டுருவோம். ஆனா சரிபாதியா வேணும். நஷ்டம், பகை இதெல்லாம் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. ஆளுகளுக்குப் பத்தல" என்றார், பசையின் பக்குவம் சொல்வது போல.

கமருன்னிசா கொட்டகைக்கு வெளியே வந்து, போன் பேச அனுமதியுள்ள வேப்பமர நிழல் வரை வேகமாக நடந்தார். ஓடியிருப்பார், கம்பெனிக்குள் ஓடக் கூடாது.

"மச்சான், வத்தல்காரர வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

"லோடு?"

"இன்னொரு லோடு கேக்காக. நீங்க சிவகாசிக்குப் போயி அச்சாபீஸ்ல எல்லாம் விசாரிங்க. கெட்ட பலன் ஜாஸ்தியா இருக்கிற வருசம் எதுன்னு."

"கமரு, வெயில்ல நிக்கியா?"

"நெழல்லதான் நிக்கேன். போங்க மச்சான், சீக்கிரம்."

திரும்பி உள்ளே வந்தபோது கொட்டகை வேலையில் இறங்கியிருந்தது. குழாய்கள் உருண்டன. பெண்கள் தங்கள் தங்கள் கஷ்டத்தின் மேல் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து கதை பேசினார்கள். மாரீஸ்வரன் டீ வரவழைத்திருந்தார். பாயம்மா நிற்கிறாரே என்று மூலையில் தேடி, மிஞ்சிக் கிடந்த கடைசி மணையை எடுத்து, தன் துண்டால் ஒரு தட்டுத் தட்டி அவர் முன்னால் வைத்தார். "ஒக்காருங்க, காலைல இருந்து நிக்கிறீக."

கமருன்னிசா குனிந்து பார்த்தார். பச்சை மையில் முயற்சி என்று இருந்தது.

பாண்டிச்செல்வி பார்க்கிறாளா என்று ஒரு பார்வை, குருவம்மாள் பார்க்கிறாரா என்று ஒரு பார்வை. பிறகு மணையைப் பத்திரமாகத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வெறும் சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டீக்குக் கை நீட்டினார்.